ஃபிளைட் ஆபரேஷன்ஸ் ஏஜென்ட் வேலையும் பயிற்சியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னை மீனம்பாக்கத்தில் ஒரு விமான நிறுவனத்தின் ஆபரேஷன்ஸ் அறையில் 14 வருடமாக வேலை செய்கிறேன். பிளஸ் டூ முடித்த பிள்ளைகள், அவர்களுடைய பெற்றோர், வேறு வேலையிலிருந்து மாற நினைக்கிறவர்கள் எனப் பலர் போனிலும் நேரிலும் கேட்ட கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். சிலவற்றுக்கு இரண்டு வரி போதும். சிலவற்றுக்கு நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஃபிளைட் ஆபரேஷன்ஸ் ஏஜென்ட் என்றால் யார்?

ஒரு விமானம் கிளம்புவதற்கு முன் அதற்கு வேண்டிய கணக்கையும் காகிதத்தையும் தகவலையும் தயார் செய்து கேப்டன் கையில் கொடுப்பவர். எந்த வழியாகப் போவது, எவ்வளவு எரிபொருள் போடுவது, இறங்கும் ஊரில் வானிலை எப்படி, எந்த ரன்வே மூடியிருக்கிறது, எத்தனை பேர் ஏறுகிறார்கள், பெட்டியும் சரக்கும் விமானத்தின் வயிற்றில் எந்தப் பகுதியில் எவ்வளவு என்று எல்லாம் இவருடைய மேசையில்தான் வந்து சேரும். கிளம்பியதும் வேலை முடிந்துவிடாது. சக்கரம் அந்த ஊர்த் தரையைத் தொடும்வரை ஒரு கண் அதன் மேலேயே இருக்க வேண்டும்.

பயணிகள் எங்களை அதிகம் பார்ப்பதில்லை. கதவு மூடுவதற்குச் சற்று முன், ஒளிரும் ஜாக்கெட் போட்டுக்கொண்டு ஒரு தாளோடு காக்பிட் பக்கம் வேகமாகப் போகிறவரைக் கவனித்திருந்தால், அவர் எங்கள் ஆள்.

ஆப்ஸ் ஏஜென்ட், லோட் கன்ட்ரோலர், டிஸ்பேட்சர் எல்லாம் ஒன்றா?

ஒரே குடும்பம், ஆனால் ஒரே ஆள் இல்லை. லோட் கன்ட்ரோலர் எடைக் கணக்கைப் பார்ப்பார். டிஸ்பேட்சர் வழி, வானிலை, எரிபொருள் பார்த்து ஃபிளைட் பிளான் போடுவார். ஸ்டேஷனில், அதாவது ஒவ்வொரு ஊர் விமான நிலையத்திலும், இருக்கும் ஆப்ஸ் ஏஜென்ட் இந்த இருவருக்கும் கேப்டனுக்கும் ரேம்புக்கும் (விமானம் நிற்கும் தளம்) நடுவில் நிற்பவர். சின்ன ஸ்டேஷனில் மூன்றையும் ஒருவரே செய்வதும் உண்டு. உலக அளவில் ஐகாவோ என்ற ஐ.நா.வின் விமானப் போக்குவரத்து அமைப்பு டிஸ்பேட்சருக்கு வைத்திருக்கும் பெயர் ஃபிளைட் ஆபரேஷன்ஸ் ஆபீசர்.

அமெரிக்காவில் பெரிய பயணிகள் விமான நிறுவனங்களில் டிஸ்பேட்சருக்கும் கேப்டனுக்கும் சட்டப்படி சமப் பொறுப்பு. இருவரும் ஒப்புக்கொள்ளாமல் விமானம் நகராது. 1935இல் மிசௌரியில் ஒரு டிசி-2 விமானம் மோசமான வானிலையில், எரிபொருள் குறைந்துபோன நிலையில் விழுந்தது. இறந்தவர்களில் பிரான்சன் கட்டிங் என்ற செனட்டரும் ஒருவர். அதன் பிறகு எழுந்த விவாதங்களின் தொடர்ச்சியாக 1938இல் புதிய விமானச் சட்டம் வந்தது. தரையில் இருந்துகொண்டு விமானத்தைப் பார்த்துக்கொள்கிறவருக்கும் சட்டம் ஓர் இடம் கொடுத்தது அந்தக் காலத்தில்தான்.

ஒரு ஷிப்ட் எப்படி இருக்கும்?

இரவு ஷிப்ட்டையே சொல்கிறேன், அதுதான் கனமானது. காலை 5.30, 5.45, 6 மணி என்று வரிசையாக விமானங்கள் கிளம்பும். அதற்கான வேலை 2 மணிக்கே சூடு பிடித்துவிடும்.

முதலில் வானிலை. மெட்டார் என்பது இப்போதைய நிலவரம், டாஃப் என்பது வரப்போகும் மணி நேரங்களுக்கான கணிப்பு. அடுத்தது நோட்டம் (NOTAM). எந்த விமான நிலையத்தில் எந்த விளக்கு எரியவில்லை, எந்தப் பாதை மூடியிருக்கிறது, எங்கே கிரேன் நிற்கிறது என்ற அறிவிப்புகள் அதில் வரும். இவற்றைப் பார்த்தபின் ஃபிளைட் பிளான் சரிதானா என்று சோதித்து, ஏர் டிராபிக் கன்ட்ரோலுக்குப் போய்ச் சேர்ந்ததா என்று உறுதி செய்ய வேண்டும். நம் நாட்டில் கூடுதலாக விமானப்படையின் வான்பாதுகாப்பு அனுமதி எண்ணும் வேண்டியிருக்கும்.

விமானிகள் வந்ததும் பிரீஃபிங். இன்று பல நிறுவனங்களில் எல்லாம் டேப்லெட்டுக்கே போய்விடுகிறது. ஆனாலும் "சார், டெஸ்டினேஷன்ல ஆறரை மணி வரைக்கும் மூடுபனி வாய்ப்பு இருக்கு, ஆல்டர்நேட் ஏர்போர்ட் ஒண்ணு கூட வச்சிருக்கோம்" என்று வாயால் சொல்வதற்கு ஒரு மதிப்பு இருக்கிறது. திரையில் பத்தோடு பதினொன்றாகக் கடந்துபோகும் விஷயம், ஒரு ஆள் சொன்னால் மனதில் நிற்கும்.

அப்புறம் ரேம்ப். பெட்டிகள் ஏறுகின்றன, எரிபொருள் வண்டி வந்து நிற்கிறது, கேபின் சுத்தம் நடக்கிறது, சாப்பாட்டு வண்டி வருகிறது. குறுகிய தூர விமானங்களுக்கு இறங்கி, ஆளை மாற்றி, திரும்பக் கிளம்ப அரை மணி நேரம்தான் இருக்கும். அதில் 4 நிமிடம் எங்கே போனது என்று கேட்டால் சொல்லத் தெரிய வேண்டும். தாமதத்துக்கு உலகம் முழுக்க ஒரே இரண்டு இலக்கக் குறியீடு உண்டு. முந்தைய ஊரிலிருந்தே விமானம் தாமதமாக வந்தால் 93. செக்-இன் செய்த பயணி கேட்டுக்கு வராவிட்டால் 15. குறியீடு போடும்போது பழியை அடுத்த துறைமேல் தள்ளும் ஆசை எல்லோருக்கும் வரும். அதற்கு இடம் கொடுக்காதீர்கள். தப்பான குறியீடு போட்டால் உண்மையான கோளாறு அடுத்த மாதமும் அப்படியேதான் இருக்கும்.

எடைக் கணக்கு என்கிறார்களே, அது அவ்வளவு முக்கியமா?

மாட்டு வண்டி ஓட்டியவர்களுக்கு முன்பாரம், பின்பாரம் தெரியும். மூட்டையைப் பின்னால் அதிகம் அடுக்கினால் நுகத்தடி மேலே தூக்கும். முன்னால் அதிகமானால் மாட்டின் கழுத்தை அழுத்தும். விமானமும் அதே நியாயம்தான். மொத்த எடை வரம்புக்குள் இருந்தால் மட்டும் போதாது, அந்த எடையின் மையம் சரியான இடத்தில் விழ வேண்டும். இதைத்தான் ட்ரிம் என்கிறோம்.

ஓர் ஏ320 விமானத்தை எடுத்துக்கொள்வோம். எண்கள் விளங்குவதற்காக நான் போட்டவை. பயணியும் சரக்கும் எரிபொருளும் இல்லாமல், விமானக் குழுவோடும் சாப்பாட்டுப் பொருள்களோடும் அதன் எடை 43,500 கிலோ. பெரியவர்கள் 168 பேர், குழந்தைகள் 6, கைக்குழந்தை 2. ஒவ்வொருவரையும் தராசில் நிறுத்த முடியாது என்பதால் சராசரி எடை வைத்துக்கொள்வோம். நான் கற்றுக்கொண்டபோது பெரியவருக்குக் கைப்பையோடு 75 கிலோ, குழந்தைக்கு 35, கைக்குழந்தைக்கு 10. ஆக மொத்தம் 12,830. பெட்டிகள் 2,100, சரக்கு 1,000. எல்லாம் கூட்டினால் 59,430 கிலோ. இதுதான் எரிபொருள் சேராத எடை. இதோடு 8,000 கிலோ எரிபொருளைச் சேர்த்தால் கிளம்பும் எடை 67,430. வழியில் 4,300 எரிந்துவிடும் என்றால் இறங்கும் எடை 63,130. மூன்றுக்கும் தனித்தனி வரம்பு உண்டு. மூன்றில் எது தாண்டினாலும் கிளம்ப முடியாது.

புதியவர்கள் பெரும்பாலும் கிளம்பும் எடையையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். குறுகிய தூரத்தில் மாட்டிக்கொள்வது இறங்கும் எடையில்தான். விமான எரிபொருள் ஜிஎஸ்டிக்குள் வரவில்லை, ஒவ்வொரு மாநிலமும் தனியாக வரி போடுகிறது. அதனால் விலை குறைந்த ஊரிலேயே திரும்பி வருவதற்கும் சேர்த்து நிரப்பிக்கொண்டு வருவார்கள். அந்த எரிபொருள் எரியாமல் அப்படியே இறங்கும் எடையில் உட்காரும்.

இனி மையம். ஏ320இன் வயிற்றில் முன்பக்கம் 1ஆம் பகுதி, பின்பக்கம் 3, 4, கடைசியில் 5. அதே ஆயிரம் கிலோ சரக்கை 1இல் வைப்பதும் 4இல் வைப்பதும் ஒன்றல்ல. 2003 ஜனவரி 8 அன்று அமெரிக்காவின் சார்லட் நகரில் ஏர் மிட்வெஸ்ட் நிறுவனத்தின் ஒரு சிறிய விமானம் கிளம்பியதுமே மூக்கைத் தூக்கிக்கொண்டு விழுந்தது. 21 பேர் இறந்தார்கள். வால் பக்கக் கட்டுப்பாட்டுக் கம்பியைப் பராமரிப்பில் தப்பாகப் பொருத்தியிருந்தார்கள். அதோடு பின்பாரமும் சேர்ந்துகொண்டது. தாளில் எல்லாம் வரம்புக்குள் இருந்தது. ஏனென்றால் அன்று பயன்படுத்திய சராசரி ஆள் எடை, நிஜ மனிதர்களின் எடையைவிடக் குறைவு. அதற்குப் பிறகு அங்கே சராசரி எடைகளை உயர்த்தினார்கள்.

நீங்கள் தவறு செய்திருக்கிறீர்களா?

செய்திருக்கிறேன். சேர்ந்து இரண்டாம் வருடம், அதிகாலை 4 மணி இருக்கும். அடுத்தடுத்து மூன்று விமானம். லோடிங் தாளைக் கையால் எழுதிக்கொண்டிருந்த நேரம். 850 கிலோ சரக்கு முன்பக்கம் 1இல் ஏற வேண்டும். அவசரத்தில் நான் போட்ட 1க்கு மேலே ஒரு கொக்கி, குறுக்கே பேனா இழுத்த ஒரு கோடு. பார்த்தால் 4 மாதிரி இருந்தது.

லோடர்களின் மேஸ்திரி ஒருவர் இருந்தார், இருபது வருட அனுபவம். பெல்ட் லோடரைப் பின்பக்கம் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, தாளைக் கையில் பிடித்தபடி என்னைத் தேடி வந்தார். "தம்பி, இன்னைக்குப் பொட்டி எல்லாம் பின்னாடிதான் இருக்கு. இதையும் பின்னாடியே போடச் சொல்றீங்களா?" என்று கேட்டார். தாளை வாங்கிப் பார்த்ததும் எனக்குக் கை ஈரமாகிவிட்டது. என் கணினியில் 1 என்று இருக்கிறது, தாளில் 4 என்று தெரிகிறது. அவர் கேட்காமல் ஏற்றியிருந்தால், நான் கேப்டனிடம் கொடுத்த ட்ரிம் ஷீட் ஒன்று சொல்லும், விமானம் வேறொன்றாக இருக்கும்.

விமானம் 6 நிமிடம் தாமதமானது. தாமதக் குறியீடு போட்டு, காரணத்தில் என் பெயரையே எழுதினேன். அன்றிலிருந்து எண்ணை எண்ணாலும் எழுத்தாலும் எழுதுகிறேன். தாளைக் கொடுத்துவிட்டு, "எங்கே போடப் போறீங்கண்ணே, சொல்லுங்க" என்று அவர்கள் வாயாலேயே திருப்பிச் சொல்லக் கேட்பேன். இப்போது என்னிடம் பயிற்சிக்கு வருகிறவர்களுக்கு முதல் வாரம் இதைத்தான் சொல்லிக்கொடுக்கிறேன்.

எரிபொருள் எவ்வளவு என்று எப்படி முடிவு செய்கிறார்கள்?

ஓடுபாதை வரை உருண்டு போவதற்குக் கொஞ்சம். போய்ச் சேர்வதற்கான அளவு. எதிர்பாராததற்கு, பொதுவாக அந்த அளவில் 5 சதவீதம். அங்கே இறங்க முடியாவிட்டால் மாற்று விமான நிலையத்துக்குப் போவதற்கு. அதற்கும் மேல், ஜெட் விமானமாக இருந்தால் 1,500 அடி உயரத்தில் 30 நிமிடம் சுற்றுவதற்கான கடைசி இருப்பு. அந்தக் கடைசி இருப்பு வீட்டில் தொடாமல் வைத்திருக்கும் குண்டுமணித் தங்கம் மாதிரி. திட்டம் போடும்போது அதில் கை வைக்கவே கூடாது. இவ்வளவுக்கும் மேல் கேப்டன் கூடுதலாகக் கேட்டால் கொடுக்க வேண்டும்.

அலகையும் கவனிக்க வேண்டும். நாம் கிலோவில் கேட்போம், வண்டிக்காரர் லிட்டரில் ஊற்றுவார். ஒரு லிட்டர் எரிபொருள் ஏறக்குறைய 0.8 கிலோ. 1983 ஜூலை 23 அன்று ஏர் கனடாவின் போயிங் 767 ஒன்றில் எரிபொருள் அளவுகாட்டி வேலை செய்யவில்லை. கையால் கணக்குப் போட்டார்கள். கிலோவுக்கு உரிய 0.8க்குப் பதிலாக, பவுண்டுக்கு உரிய 1.77ஐ எடுத்துப் பெருக்கிவிட்டார்கள். 20,088 லிட்டர் ஏற்ற வேண்டிய இடத்தில் ஏறியது 4,917. நடுவானில் இரண்டு இன்ஜினும் நின்றன. கேப்டனின் திறமையால் கிம்லி என்ற ஊரின் பழைய விமானத்தளத்தில் மிதந்து வந்து இறங்கினார்கள், எல்லோரும் பிழைத்தார்கள். விமானிகள், மெக்கானிக்குகள் எனப் பலர் கண்ணில் பட்ட கணக்கு அது. ஒருவரும் நிறுத்தவில்லை.

கேப்டனிடம் "கூடாது" என்று சொல்ல முடியுமா? அவர் பெரியவர் ஆயிற்றே.

முடியும், சொல்லத்தான் வேண்டும். இந்த வேலையில் நான் எதையாவது பெரிதாக நினைக்கிறேன் என்றால் இதைத்தான்.

2016 நவம்பர் 28. பொலிவியாவின் சாந்தா குரூஸிலிருந்து கொலம்பியாவின் மெடலினுக்கு லாமியா என்ற நிறுவனத்தின் விமானம் கிளம்பத் தயாராக இருந்தது. பிரேசிலின் சாபெகோயென்ஸ் கால்பந்து அணி இறுதிப் போட்டிக்குப் போய்க்கொண்டிருந்தது. தாக்கல் செய்த ஃபிளைட் பிளானில் பயண நேரம் 4 மணி 22 நிமிடம். எரிபொருள் தாங்கும் நேரமும் 4 மணி 22 நிமிடம். மாற்று விமான நிலையத்துக்கு இல்லை, கடைசி இருப்புக்கு இல்லை, எதற்குமே இல்லை. விமான நிலைய அலுவலகத்தில் அந்தப் பிளானை வாங்கிய பெண் அதிகாரி, இரண்டும் சமமாக இருக்கிறதே என்று கேட்டார். கேப்டன் அப்படித்தான் சொன்னார், சீக்கிரமே போய்விடுவோம் என்ற மாதிரிதான் நிறுவனத்தின் டிஸ்பேட்சரிடமிருந்து பதில் வந்தது. விமானம் கிளம்பியது. மெடலினுக்கு அருகே மலையில் எரிபொருள் தீர்ந்து விழுந்தது. 77 பேரில் 71 பேர் இறந்தார்கள். அந்த டிஸ்பேட்சரும் அதே விமானத்தில்தான் இருந்தார்.

இந்தச் சம்பவத்தை நான் பலமுறை யோசித்துப் பார்த்திருக்கிறேன். வாகனத்தில் போகிறவனே டீசல் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் கிளம்புவான். அந்த இரண்டு எண்ணும் ஒரே தாளில் இருந்தன. அதை எழுதியவருக்கும் தெரியும், வாங்கியவருக்கும் தெரியும். கேட்ட ஒருவரின் குரலுக்கு அங்கே பலம் இல்லாமல் போனது.

நம் ஊர்ப் பழக்கத்தில் வயதுக்கும் பதவிக்கும் எதிரே வாய் திறப்பது கஷ்டம். எனக்கும் இருந்தது. மரியாதையைக் குறைக்க வேண்டியதில்லை, வார்த்தையைச் சுற்றி வளைக்காமல் இருந்தால் போதும். "சார், லேண்டிங் வெயிட் 400 கிலோ தாண்டுது. சரக்கை இறக்கணும்." இதில் "நினைக்கிறேன்", "பரவாயில்லையா சார்" எதுவும் வேண்டாம். நல்ல கேப்டன்கள் இதற்கு நன்றி சொல்வார்கள். கோபப்படுகிறவர்களும் தாளைப் பார்த்ததும் அடங்கிவிடுவார்கள்.

என்ன படிக்க வேண்டும்?

நம் நாட்டில் டிஸ்பேட்சராக வேண்டுமென்றால் பிளஸ் டூவில் இயற்பியலும் கணிதமும் இருப்பது நல்லது. பெரும்பாலும் அதைத்தான் கேட்பார்கள். டிகிரி இருந்தால் நிறுவனங்கள் கூடுதலாகப் பார்க்கும், ஆனால் ஏரோநாட்டிகல் இன்ஜினியரிங்தான் வேண்டும் என்பதில்லை. பி.எஸ்சி. இயற்பியல் படித்தவர்கள் இதில் நன்றாக வருவதைப் பார்த்திருக்கிறேன். உரிமத்துக்கு ஐகாவோ சொல்லும் குறைந்தபட்ச வயது 21. அமெரிக்காவில் சான்றிதழ் கைக்கு வர 23 ஆக வேண்டும். இங்கே நிறுவனத்தில் சேர்ந்து, பயிற்சி முடித்து, தேர்வில் தேறிய பிறகு டிஜிசிஏ (மத்திய அரசின் விமானப் போக்குவரத்து இயக்குநரகம்) அங்கீகாரம். ஆப்ஸ் ஏஜென்டாகவோ லோட் கன்ட்ரோலராகவோ சேர்ந்து, சில வருடத்தில் டிஸ்பேட்சுக்குப் போகிறவர்கள்தான் அதிகம். நானும் அப்படித்தான்.

பயிற்சியில் என்னென்ன இருக்கும்?

விமானச் சட்டம், வானிலை, வழிசெலுத்தல், விமானத்தின் திறன் கணக்கு, எடையும் சமநிலையும், ரேடியோ தொடர்பு, அபாயகரமான பொருள்கள் என்று வகுப்பறைப் பாடங்கள். அபாயப் பொருள் பயிற்சியை 24 மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். பாடங்களில் மனம் வைத்துப் படிக்க வேண்டியது வானிலை. மற்றவை பழகப் பழக வந்துவிடும்.

ஆரம்பத்தில் எல்லோரும் தடுமாறும் இடம் யுடிசி என்ற உலகப் பொது நேரம். விமான உலகில் எல்லாம் அந்த நேரத்தில்தான் ஓடும். நம்முடையது அதைவிட 5.30 மணி முன்னால். அதிகாலை 5 மணிக்கு நம் காலண்டரில் 14ஆம் தேதி என்றால், யுடிசியில் இன்னும் 13ஆம் தேதி 2330தான். இந்த நள்ளிரவு முதல் 5.30 வரையான நேரத்தில் தேதி தப்பாகப் போட்டு ஃபிளைட் பிளான் திரும்பி வருவது பயிற்சிக்காரர்களுக்கு வழக்கம்.

வகுப்பு முடிந்ததும் அனுபவசாலி ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து வேலை பார்க்க வேண்டும். ஐகாவோ விதிப்படி உரிமத்துக்கு விண்ணப்பிக்கும் முன், கடைசி ஆறு மாதத்துக்குள் குறைந்தது 90 வேலை நாள் இப்படிச் செய்திருக்க வேண்டும். வருடத்துக்கு ஒரு முறையாவது காக்பிட்டில் ஜம்ப் சீட் என்ற கூடுதல் இருக்கையில் உட்கார்ந்து பறக்கவும் வேண்டும்.

என் முதல் ஜம்ப் சீட் பயணம் மதுரைக்கு. நான் கொடுத்த நோட்டம் கட்டு 22 பக்கம். மேகத்துக்குள் விமானம் குலுங்கிக்கொண்டிருக்கும்போது கேப்டன் ஒரு சின்ன விளக்கு வெளிச்சத்தில் அதைப் புரட்டிப் புரட்டி ஒன்றைத் தேடினார். ரன்வே விளக்கு பற்றிய அறிவிப்பு. 17ஆம் பக்கத்தில் இருந்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை, பேனாவால் வட்டம் போட்டுவிட்டு வேலையைப் பார்த்தார். மறுநாளே ஹைலைட்டர் வாங்கினேன். தரையில் உட்கார்ந்து 22 பக்கம் அச்சடிப்பது சுலபம், அதைப் படிக்க வேண்டியவர் எந்த நிலையில் இருப்பார் என்று தெரியாமல் இருந்திருக்கிறேன்.

நான் தமிழ் வழியில் படித்தவன். ஆங்கிலம் தடையாக இருக்குமா?

நான் ஆறு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் தமிழ் வழி. தடையாக இருந்தது உண்மை, முதல் ஆறு மாதம். இங்கே தேவைப்படும் ஆங்கிலம் மேடைப் பேச்சு இல்லை. குறுகிய, திட்டமான வாக்கியங்கள். மெட்டாரில் வரும் குறியீடுகள் ஆங்கிலம் தெரிந்தவர்களுக்கே புதிதுதான். பிஆர் என்றால் லேசான மூடுபனி, எஃப்யூ என்றால் புகை. இரண்டும் பிரெஞ்சுச் சொற்களிலிருந்து வந்தவை. எல்லோரும் முதலிலிருந்துதான் கற்றுக்கொள்கிறார்கள்.

சென்னை வானிலையில் என்ன சவால்? இங்கே பனியே இல்லையே?

போகி இருக்கிறதே! டயரும் பிளாஸ்டிக்கும் எரிக்கும் புகை, மார்கழிக் கடைசியின் ஈரக் காற்றில் எழும்பாமல் தரையோடு படிந்துவிடும். எஃப்யூ என்ற குறியீட்டை நான் நிஜத்தில் பார்த்துப் பழகியது போகி விடியலில்தான். 2018 போகியன்று காலையில் சென்னைக்கு வந்த விமானங்கள் பல இறங்க முடியாமல் வேறு ஊர்களுக்குத் திரும்பின. அந்த ஒரு காலைக்காக வாரத்துக்கு முன்பே நேரத்தை மாற்றி, கூடுதல் எரிபொருள் போட்டுத் தயாராகிறோம். பழையதைக் கழிக்கும் நாளில் ரப்பரை எரிக்காமல் இருந்தால் எங்களுக்கும் நல்லது, வீட்டில் ஆஸ்துமாவோடு இருக்கும் பெரியவர்களுக்கும் நல்லது.

மழைக்காலம் வேறு கதை. 2015 டிசம்பர் 1 இரவு வெள்ளத்தில் மூடிய விமான நிலையத்தில், பயணிகள் விமானங்கள் 6ஆம் தேதிதான் மீண்டும் ஓடின. இடையில் அரக்கோணம் ராஜாளி கடற்படைத் தளத்திலிருந்து சில விமானங்களை இயக்கினார்கள். நம் இரண்டாவது ரன்வே அடையாற்றின் மேல் பாலம் கட்டி நீட்டப்பட்டது என்பது பலருக்குத் தெரியாது. 2023 டிசம்பர் 4, மிக்ஜாம் புயலிலும் நிலையம் மூடப்பட்டது. இப்படிப்பட்ட நாள்களில் எந்த விமானத்தை எந்த ஊரில் நிறுத்துவது, விமானக் குழுவின் வேலை நேரம் எப்போது தீர்கிறது, மறுநாள் எதை எங்கிருந்து தொடங்குவது என்பதுதான் முழு வேலை.

ஒரு பயணி வராததற்கு விமானத்தையே நிறுத்துவது ஏன்?

அவருடைய பெட்டி உள்ளே இருப்பதால். ஆள் இல்லாமல் பெட்டி மட்டும் போகக் கூடாது. 1985 ஜூன் 23, ஏர் இந்தியாவின் கனிஷ்கா விமானத்தில் வெடித்தது அப்படி ஏற்றப்பட்ட பெட்டி. 329 பேர் போனார்கள். அதனால் நூற்றுக்கணக்கான பெட்டிகளுக்குள் அந்த ஒன்றைத் தேடி இறக்குகிறோம். இறக்கியதும் எடை மாறும், லோட் ஷீட்டைத் திருத்த வேண்டும். ஜன்னல் ஓரம் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்க்கும்போது இதை நினைவில் வையுங்கள்.

சம்பளம்? இரவு வேலை? பெண்கள் வரலாமா?

தொடக்கச் சம்பளம் பெரிதாக இருக்காது. ஐ.டி. வேலையோடு ஒப்பிட்டால் ஏமாற்றமாகவே இருக்கும். டிஜிசிஏ அங்கீகாரம் வந்த பிறகுதான் நல்ல மாற்றம் தெரியும். இரவு ஷிப்ட், தீபாவளி, பொங்கல் எதுவும் தப்பாது. பெண்கள் தாராளமாக வரலாம், என் குழுவில் எடைக் கணக்கில் மிகக் கறாரானவர் ஒரு பெண்தான். வீட்டில் இருப்பவர்களிடம் ஷிப்ட் பற்றி முதலிலேயே தெளிவாகப் பேசிவிடுங்கள். பகலில் தூங்குகிறவரை எழுப்பாத வீடு அமைவது பெரிய உதவி.

"பயிற்சி முடிந்ததும் வேலை உறுதி" என்கிறார்களே, பணம் கட்டலாமா?

உறுதி என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். நேர்முகத் தேர்வுக்கோ, நியமனக் கடிதத்துக்கோ, சீருடைக்கோ "டெபாசிட்" கேட்டு போன் வந்தால் அது மோசடி. விமான நிறுவனங்களே இதைத் திரும்பத் திரும்ப எச்சரிக்கின்றன. என்னைத் தேடி வந்த ஒரு பையன், அம்மாவின் நகையை அடகு வைத்து ஒரு நிறுவனத்தில் ஒரு வருடம் படித்திருந்தான். அவனுக்கு ட்ரிம் ஷீட் ஒன்றைக்கூட யாரும் காட்டியிருக்கவில்லை. கட்டுவதற்கு முன் மூன்று விஷயம் கேளுங்கள்: சான்றிதழை யார் அங்கீகரிக்கிறார்கள், பாடம் எடுப்பவர் எந்த ஸ்டேஷனில் எத்தனை வருடம் வேலை செய்தார், போன வருடம் முடித்தவர்களில் இரண்டு பேரோடு பேச முடியுமா. மூன்றாவதுக்கு மழுப்பினால் எழுந்து வந்துவிடுங்கள்.

எல்லாம் கணினி செய்துவிடாதா?

லிடோ, ஜெப்பசன் போன்ற மென்பொருள்கள் சில நொடியில் பிளான் போட்டுவிடுகின்றன. எடைக் கணக்கையும் பல நிறுவனங்கள் ஒரே மையத்துக்குக் கொண்டுபோய்விட்டன. ஸ்டேஷனில் ஆள் குறைகிறது என்பது உண்மை, மறைக்க மாட்டேன். ஆனால் 2024 ஜூலை 19 அன்று உலகம் முழுக்க கணினிகள் நீலத் திரையோடு நின்றபோது, நம் விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். அன்று கையால் வேலை தெரிந்தவர்களைத்தான் எல்லோரும் தேடினார்கள். கணினி தரும் எண் சரியா என்று தோராயமாக மனக்கணக்கில் பார்க்கத் தெரிந்தவருக்கு இங்கே இடம் இருக்கும். வாய்ப்பாடு மறந்திருந்தால் மறுபடி மனப்பாடம் செய்யுங்கள்.

முதல் நாள் என்ன கொண்டுபோக வேண்டும்?

ஏர்போர்ட் பாஸ் வந்திருந்தால் அது. போலீஸ் சரிபார்ப்பு முடிந்துதான் வரும், பொறுமையாக இருங்கள். இரண்டு பேனா, ஒரு ஹைலைட்டர், பாக்கெட்டில் நுழையும் சின்ன நோட்டு. காதுக்கு அடைப்பான். மூடிய ஷூ, ரேம்பில் மே மாதத் தரை சுடும். தண்ணீர் பாட்டில். யுடிசி நேரம் வைத்த ஒரு கைக்கடிகாரம். போனதும் லோடிங் மேஸ்திரி யார் என்று கேட்டு, அவரிடம் பெயரைச் சொல்லி அறிமுகப்படுத்திக்கொள்ளுங்கள்.